முழியனுக்குத் துணை

கண் மருத்துவமனையில் மீன்தொட்டி வைப்பதைப்போல வீண்வேலை வேறில்லை. காத்திருக்கும் கூட்டத்தில் பாதிப் பேர் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருப்பார்கள். மீதிப் பேருக்குத் தொட்டி இருக்கிற பக்கம் ஏதோ பச்சையாக மினுங்குவது மட்டும் தெரியும். ஆனாலும் டாக்டருக்குத் தொட்டி வேண்டும். நோயாளிகளின் மனதுக்கு இதமாக இருக்குமாம். எனக்கென்ன வந்தது, நான் தொட்டி கழுவுகிறவன். வியாழக்கிழமை தோறும் காலை எட்டு மணிக்கு, கூட்டம் சேர்வதற்கு முன்னால், வாளியும் குழாயுமாகப் போவேன். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டி, வடிகட்டியின் பஞ்சைப் பிழிந்து போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

நான் சொல்லப்போவது நடந்த சமயத்தில் அந்தத் தொட்டியில் ஒரே ஒரு மீன்தான் இருந்தது. தங்கமீன் என்று பேர், நிறமோ அடிப்பிடித்த சட்டி. இரண்டு கண்ணும் பக்கவாட்டில் பிதுங்கிக்கொண்டு நிற்கும். டாக்டர் அதற்கு முழியன் என்று பெயர் வைத்திருந்தார். கண் அவ்வளவு பெரிதாக இருக்கிறதே தவிர, அந்த ரகத்துக்குப் பார்வை ரொம்ப மட்டம். மூக்குக்கு முன்னால் விழுகிற தீனியையே துழாவித்தான் கண்டுபிடிக்கும். இதை நான் சொன்னபோது டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். “அப்ப இவன்தான் நம்ம நிரந்தர பேஷண்ட்” என்றார்.

முழியனுக்குத் தினம் இரண்டு வேளை தீனி போடுகிறவர் அக்கா. ஊருக்கெல்லாம் சிஸ்டர், எனக்கு மட்டும் அக்கா. வாசலுக்கு நேரே மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். வருகிறவர்களைப் பெயர் கேட்டு உட்கார வைப்பது, எழுத்துப் பலகையைக் குச்சியால் தட்டிக் காட்டிப் படிக்க வைப்பது, சொட்டு மருந்து விடுவது எல்லாம் அவர்தான். பதினெட்டு வருடமாக அதே மேஜை. “சத்தமா படிங்க. மனசுக்குள்ள படிச்சா உங்க மனசுக்குத்தான் கண்ணாடி போடணும்” என்று அவர் அதட்டினால் பெரிய பெரிய மனிதர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நிமிர்ந்து உட்காருவார்கள்.

எனக்கு அவர்மேல் ஒரு கடுப்பு இருந்தது. முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். என் காதைப் பார்த்துப் பேசுவார், இல்லாவிட்டால் தோளைப் பார்த்து. தொட்டி கழுவுகிறவன் என்றால் முகம் இல்லாமல் போய்விடுமா என்று உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தேன். ஒருநாள் வீட்டுக்குப் போய்க் காதில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டதும் உண்டு.

ஒரு வியாழக்கிழமை டாக்டர் தொட்டி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“மீன்காரரே, இவன் ஒண்டியா நிக்குறான்னு பேஷண்ட்ஸ் எல்லாம் வருத்தப்படுறாங்க. துணைக்கு ஏதாவது போடுவோமா? குட்டிக் குட்டியா கலர் மீன் பத்து போடலாமே. நீலமும் சிவப்புமா மின்னுமே, அது.”

“அதுக்கு வெதுவெதுப்பான தண்ணி வேணும் டாக்டர். முழியனுக்குக் குளிர்ந்த தண்ணி. ஒண்ணுக்குச் சரின்னா இன்னொண்ணுக்கு ஆகாது. அதோட, தங்கமீன் வாயில நுழையுற எதையும் விடாது.”

“கண்ணு தெரியாதுன்னீங்களே?”

“தூங்குறப்ப மூக்குல வந்து இடிச்சா போதும் டாக்டர். அதுக்குக் கண்ணு எதுக்கு?”

“வரி வரியா ஒண்ணு இருக்குமே?”

“அது வாலைக் கடிக்கும். முழியனுக்கு இருக்குற சொத்தே அந்த வாலுதான்.”

“அப்ப என்னதான் போடுறது? இவனுக்குத் துறவறமா?”

நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு விளக்கினேன். இந்த விஷயத்தில் மட்டும் எனக்கு வாய் நீளும். எல்லோரும் மீனுக்குத் துணை தேடும்போது நிறத்தைப் பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் ஜாதியைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வேகத்தை. கூட இருக்கிற மீன் இதைவிட வேகமாகப் போனால் தீனியெல்லாம் அதற்குத்தான். முழியனுக்கு வேண்டியது அவனைப்போலவே இரட்டை வாலும் உருண்டை உடம்புமாக அசைந்து அசைந்து போகிற இன்னொன்று. அதையும் வாங்கி வந்த கையோடு தொட்டியில் போட்டுவிடக் கூடாது. மூன்று வாரம் என் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். நோய் நொடி இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும்.

“பாத்துக் கொண்டாறேன் டாக்டர், கொஞ்சம் பொறுங்க” என்றேன்.

டாக்டருக்குப் பொறுமை கண் விஷயத்தில் மட்டும்தான். அடுத்த வாரம் நான் போனபோது தொட்டியில் இரண்டு ஆரஞ்சு நிற ஒற்றை வால் மீன்கள் அம்பு மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ந்துகொண்டிருந்தன. கண்ணாடியில் ஒரு சக்கர் மீன் வாயை ஒட்டிவைத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. முழியன் இடது மூலையில், பிளாஸ்டிக் செடிக்குப் பின்னால்.

“கடைக்காரன் எல்லாம் ஒரே ஜாதின்னான்” என்றார் டாக்டர் பெருமையாக. “ரெண்டும் தங்கமீன்தான். இன்னொண்ணு இருக்கே, அது தொட்டியைச் சுத்தம் பண்ணுமாம். உங்களுக்கும் வேலை மிச்சம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜாதி ஒன்றுதான், யார் இல்லை என்றார்கள்? ஒற்றை வால் ரகம் ஓட்டப்பந்தயத்துக்குப் பிறந்தது. முழியன் நனைந்த பாவாடையோடு நடக்கிற மாதிரி நீந்துகிறவன். சக்கர் மீன் கதை இன்னும் மோசம். துப்புரவு மீன் என்று பேர் கட்டி விற்கிறார்கள். அது தின்று போடுவதைத் துப்புரவு செய்ய நான்தான் வர வேண்டும். பாசி தீர்ந்துவிட்டால் மெதுவாகப் போகிற மீனின் உடம்பில் ஒட்டிக்கொண்டு மேல்தோலின் வழவழப்பை உறிஞ்சத் தொடங்கிவிடும். இதையெல்லாம் சொன்னேன். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “கொஞ்ச நாள் பாப்போமே” என்றார்.

பார்ப்போம் என்றால் யார் பார்ப்பது? அக்காவிடம் போனேன். ஒரு ஏற்பாடு சொல்லிக்கொடுத்தேன். முதலில் வலது பக்கம் மிதக்கிற தீனியைத் தூவ வேண்டும். ஒற்றை வால் இரண்டும் அங்கே பாயும். அந்த நேரம் பார்த்து இடது மூலையில் ஒரு நீளக் கண்ணாடிக் குழாயை இறக்கி, அதன் வழியாக மூழ்குகிற உருண்டை ஆறு போட வேண்டும். முழியன் மூலையிலேயே நின்று தின்றுகொள்வான். அக்கா குழாயை வாங்கி அதன் வாயை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். அப்புறம் ஒரு உருண்டைகூடச் சிந்தாமல் போட்டுக் காட்டினார். இப்படி ஒரு கை எனக்கு இருந்தால் தரையெல்லாம் ஈரமாகாதே என்று நினைத்துக்கொண்டேன்.

“முழியன் சாப்பிடுறானா அக்கா?” என்று போகும்போதெல்லாம் கேட்பேன்.

“நல்லா சாப்பிடுறான் தம்பி” என்பார் என் காதிடம்.

அதற்கப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு வியாழக்கிழமை போக முடியவில்லை. மூன்றாம் வாரம் போனேன். அன்று அக்கா விடுப்பு. டாக்டரும் அறுவை சிகிச்சை செய்ய வெளியே போயிருந்தார். கூட்டித் துடைக்கிற அம்மாள்தான் கதவைத் திறந்துவிட்டார். செடியை விலக்கிப் பார்த்தால், முழியன் விலா எலும்பு தெரிய ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறான். மறு பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தோல் உரிந்து வெள்ளையாக இருந்தது. சக்கர் மீன் வேலையைக் காட்டிவிட்டது. இது ஒருநாளில் ஆன காயம் இல்லை. தினம் இரண்டு வேளை தொட்டியருகே நிற்கிற ஒரு ஆளுக்கு இது கண்ணில் படவில்லையா? திட்டுவதற்கு ஆள் இல்லாமல் தொட்டியைத் திட்டிக்கொண்டே முழியனை ஒரு வாளியிலும் சக்கரை இன்னொரு வாளியிலும் எடுத்துக்கொண்டேன். ஒரு தாளில் தடித்த பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதி இடது மூலைக் கண்ணாடியில் ஒட்டினேன்: ‘முழியன் சிகிச்சைக்காக என்னிடம் இருக்கிறான். மூலையில் தீனி போட வேண்டாம்.’

அடுத்த வியாழக்கிழமை நான் உள்ளே நுழைந்தபோதே வாடை அடித்தது. தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கியிருந்தது. அக்கா இடது மூலையில் நின்று குழாய் வழியாக உருண்டைகளைப் போட்டுக்கொண்டிருந்தார். குழாயின் மேல்நுனி என் தாளுக்கு ஒரு விரற்கடை தள்ளி. அடியில் ஒரு வாரத்துத் தீனி பூஞ்சை பிடித்துக் குவியலாகக் கிடந்தது.

“வாங்க தம்பி. உடம்பு தேவலையா? முழியன் இன்னைக்கு ரொம்ப சமத்து. ஒண்ணு விடாம சாப்பிட்டுட்டான்.”

“கண்ணை எங்க அக்கா வெச்சுட்டு வந்தீங்க?” என்று கத்திவிட்டேன்.

அவர் திரும்பினார். என் காதைப் பார்த்தார்.

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. இத்தனை மாதம் காதையும் தோளையும் பார்த்துப் பேசியது திமிர் இல்லை.  குரலை இறக்கிக்கொண்டு, “அக்கா, அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டேன்.

“எந்தத் தாள்?” என்றார். கேட்டுக்கொண்டே கையைக் கண்ணாடிமேல் வைத்தார். விரல்கள் தாளின் ஒரு ஓரத்தைக் கண்டுபிடித்தன, பிறகு மற்ற மூன்று ஓரங்களையும்.  அப்புறம் போய் உட்கார்ந்தார். தன் நாற்காலியில் இல்லை, நோயாளிகள் உட்காரும் நாற்காலியில்.

“முழியன் செத்துட்டானா?”

“இல்ல. என் வீட்டுல இருக்கான். ஒரு வாரமா இங்க இல்ல.”

“ஆரஞ்சு ரெண்டும் ஓடுறது தெரியும். இவன் கருப்பு, அசையவும் மாட்டான். அங்கதான் இருப்பான்னு போட்டேன்.”

எப்போதிருந்து என்று கேட்டேன். போன வருடத்திலிருந்தாம். நேராகப் பார்த்தால் நடுவில் கரி பூசிய மாதிரி இருக்கும், ஓரமாகப் பார்த்தால் தெரியும். அதனால் நடக்க, கொள்ள, படி ஏறக் கஷ்டமில்லை. “உங்க காதைப் பாத்தாத்தான் தம்பி மூக்கு தெரியும்” என்றார். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

“டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? கண்ணாஸ்பத்திரியில உக்காந்துகிட்டு…”

“கண்ணாஸ்பத்திரிங்கிறதாலதான் சொல்ல முடியல. பார்வை சோதிக்கிற வேலையில பார்வை இல்லாதவளை வெச்சு அவர் என்ன பண்ணுவாரு? தங்கச்சி வீட்டுல இருக்கேன் தம்பி. காலைல கிளம்பி வேலைக்குப் போறவளா இருக்கறதாலதான் அங்க எனக்கு ஒரு மரியாதை. நாளைக்கு ஒரு மூலையில உக்காந்துட்டா, குழாய் வழியா போடுறதைச் சாப்பிட வேண்டியதுதான்.”

“வேலை எப்படிச் செய்யுறீங்க?”

“பலகையைத் தலைகீழா ஒப்பிப்பேன். குச்சி எந்த வரியில இருக்குன்னு கைக்குத் தெரியும். தப்பா படிச்சா காது சொல்லிடும்.”

“சொட்டு மருந்து?”

“இமையை விரல் பிடிச்சுக்கும். பாட்டிலுக்கெல்லாம் தட்டுல தனித்தனிக் குழி இருக்கு. முதல் குழி கண்ணை மரத்துப்போக வைக்கிறது. ரெண்டாவது விரிய வைக்கிறது. அந்த வரிசை மாறாது.”

“யாராவது துடைக்கிறப்ப மாத்தி வெச்சுட்டா?”

 மடியில் இருந்த இரண்டு கையையும் பார்த்தார், அதாவது அவற்றுக்குச் சற்றுப் பக்கத்தில் பார்த்தார். அந்தக் கேள்வியைப் பல தடவை தன்னிடமே கேட்டிருக்கிறார் என்று தெரிந்தது.

இரக்கம் வந்தது என்று சொன்னால் பொய். கோபம்தான் வந்தது. எவனோ ஒருவன் கண்ணை நம்பி ஒப்படைக்கிறான், இவர் குழியை நம்பி விடுகிறார். இதைச் சொல்ல வாயெடுத்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முதல் நோயாளி வந்துவிட்டார்.

“டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்னு சொல்லுங்க தம்பி” என்று அவசரமாகக் கேட்டார்.

“சரி” என்று சொல்லித் தொலைத்தேன். “ஆனா நீங்க சொல்லணும். நானும் எத்தனை நாளைக்கு வாயை மூடிட்டு இருக்குறது?”

“சொல்றேன்.”

அடுத்த மூன்று வாரமும் என் வீட்டில் முழியன் உப்புத் தண்ணீரில் கிடந்தான். காயம் ஆறி, புதுத்தோல் முதலில் சாம்பலாகவும் பிறகு கருப்பாகவும் வந்தது. எப்போதோ சொல்லிவைத்திருந்த இடத்திலிருந்து அவனுக்கு ஒரு துணையும் அந்த வாரமே கிடைத்தது. உடம்பெல்லாம் வெள்ளை, தலையில் மட்டும் சிவப்புக் குல்லாய் வைத்த மாதிரி ஒரு ரகம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் வைத்துப் பார்த்தேன். நோய் எதுவும் இல்லை என்று தெரிந்தபின் ஒன்றாக விட்டேன். ஒரே உருண்டையை இரண்டும் சேர்ந்து தேடின. யார் முதலில் கண்டுபிடித்தாலும் மற்றவனுக்கும் அடுத்தது கிடைத்தது. ஒற்றை வால் இரண்டையும் ஒரு பள்ளிக்கூடத் தோட்டத்துக் குளத்தில் விட்டேன். ஓடட்டும் என்று. சக்கர் இன்னும் என் வீட்டில் தனித் தொட்டியில் இருக்கிறது. அதைக் கேட்டு யாரும் வரவில்லை.

அக்கா விஷயம் அவ்வளவு சுலபமாக ஆறவில்லை. முதல் வியாழன், “இந்த வாரம் டாக்டருக்கு ஏகப்பட்ட வேலை” என்றார். அடுத்த வியாழன், நான் கேட்பதற்கு முன்னால், “காட்டிட்டேன் தம்பி. ஒண்ணும் இல்லைன்னுட்டாரு” என்றார்.

“என்ன பண்ணிப் பாத்தாரு?”

“படிக்கச் சொன்னாரு. கடைசி வரி வரைக்கும் படிச்சேன்.”

“எதை?”

அக்கா சீட்டுகளை அடுக்கினார்.

அதாவது, கண் கொஞ்சம் உறுத்துகிறது என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார். டாக்டரும் போகிறபோக்கில் அதே பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்லியிருக்கிறார். பதினெட்டு வருடமாக அந்தப் பலகையைத் தட்டித் தட்டி ஊரையே படிக்க வைத்தவரை, அதே பலகையை வைத்துச் சோதித்தால் எந்தக் கண்ணும் பாஸாகும். எத்தனையோ படித்த மனிதர், இது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. அக்காவுக்குத் தோன்றியிருந்தது. தோன்றியும் ஒப்பித்துவிட்டு வந்திருக்கிறார்.

நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்வதற்கில்லை. ஆனால் மீனைப் பற்றி எத்தனை வார்த்தை வேண்டுமானாலும் சொல்லலாம் அல்லவா?

மூன்றாம் வியாழக்கிழமை முழியனை வாளியிலும், அவன் துணையை ஒரு பாலிதீன் பையில் காற்று அடைத்துக் கட்டியும் கொண்டுபோனேன். இன்னொரு பையில் அதே அளவு தண்ணீரை ஊற்றி, அதே மாதிரி காற்றடைத்துக் கட்டிக்கொண்டேன். அதில் வெறும் தண்ணீர். டாக்டர் வரும்வரை தொட்டியைக் கழுவுவதுபோல் நேரம் கடத்தினேன். அவர் வந்து வாளியை எட்டிப் பார்த்து, “அட, முழியன் தேறிட்டானே” என்றார்.

“துணையும் வந்திருக்கு டாக்டர். இந்த ரெண்டு பையில எது வேணும்னு அக்காவே பாத்துச் சொல்லட்டும். தினம் சோறு போடுறவங்க அவங்கதானே.”

இரண்டு பையையும் அக்காவின் மேஜைமேல் வைத்தேன். டாக்டர் வெறும் பையைப் பார்த்தார். நான் ஏதோ வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.  பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய் என்று அந்தக் கணமே தோன்றியது. ஆனால் பைகளை இனித் திருப்பி எடுக்க முடியாது.

அக்கா முதல் பையை இரண்டு கையாலும் தூக்கினார். உள்ளே வெள்ளை மீன் ஒரு சுற்றுச் சுற்றி அவர் உள்ளங்கைப் பக்கம் வந்து நின்றது. கீழே வைத்தார். இரண்டாவதைத் தூக்கினார். அதையும் வைத்துவிட்டு மறுபடி முதல் பைமேல் கையை வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு கையை எடுத்து, வெறும் தண்ணீர்ப் பையைத் தூக்கி டாக்டரிடம் நீட்டினார்.

“இது நல்லாயிருக்கு டாக்டர். அழகா நீந்துது.”

டாக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. பையை வாங்கவும் இல்லை.

“என்ன நிறம் சிஸ்டர்?”

“ஆரஞ்சு.”

அவர் என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன்.

“சிஸ்டர், என்னைப் பாருங்க.”

அக்கா அவர் காதைப் பார்த்தார்.

“என்னைப் பாருங்க சிஸ்டர்.”

“பாத்துட்டுத்தான் இருக்கேன் டாக்டர்” என்றார் அக்கா.

டாக்டர் பையை அவர் கையிலிருந்து வாங்கி மேஜைமேல் மெதுவாக வைத்தார். பிறகு அக்காவின் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். இந்த முறை எழுத்துப் பலகை இருக்கிற அறைக்கு இல்லை. பெரிய மிஷின் இருக்கிற அறைக்கு.

நான் மீன் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டேன். பையில் இருக்கிற தண்ணீரின் குளிர்ச்சியும் தொட்டித் தண்ணீரின் குளிர்ச்சியும் ஒன்றாகிற வரைக்கும் அவசரப்படக் கூடாது. நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். “சிஸ்டர் இல்லையா?” என்று ஒருவர் கேட்டார். “உள்ள கண்ணைக் காட்டிட்டு இருக்காங்க” என்றேன். நல்ல ஜோக் என்று நினைத்து அவர் சிரித்தார். நான் பையை அவிழ்த்து வெள்ளை மீனை விட்டேன், முழியனையும் விட்டேன். எனக்கு அங்கே இனி வேலை இல்லை. போகவும் கால் வரவில்லை. சுத்தமாக இருந்த கண்ணாடியை மறுபடி துடைத்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்க்காமல் நேரே என்னிடம் வந்தார்.

“தினம் எதிர்ல நின்னு பேசுனாங்க. நேரா பாக்காததை மரியாதைன்னு நினைச்சுட்டேன்” என்றார். முகம் தொங்கிப்போயிருந்தது. நான் அதையே திமிர் என்று நினைத்திருந்ததை அவரிடம் சொல்லவில்லை. அவர் உள்ளே போய் முதல் சீட்டைத் தானே கூப்பிட்டார்.

பின்னாலேயே அக்கா சுவரைத் தொட்டுக்கொண்டு வந்தார். மருந்து விட்டுக் கண் விரிந்திருந்ததால் வெளிச்சம் படாமல் கையால் மறைத்துக்கொண்டார். தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“வலது கண்ணு போனது போனதுதானாம். இடதுல மிச்சம் இருக்கறதை ஊசி போட்டு நிறுத்திப் பாக்கலாம்கறாரு. ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும்னு சொன்னாரு.”

“வேலை?”

“நாளையிலேருந்து பலகைக்கும் மருந்துக்கும் வேற ஆளு. எனக்கு என்னங்கிறதை ஊசி போட்டப்புறம் பேசலாம்னாரு. பேசுவாரோ என்னவோ.” குரல் கொஞ்சம் உடைந்தது. செருமிச் சரிசெய்துகொண்டார்.

எனக்கு அங்கே நிற்கவே கூசியது. “என்னைத் தப்பா நினைக்காதீங்க அக்கா. வாயைத் திறந்து நான் ஒண்ணும் சொல்லல. ஆனா வெறும் பையைக் கொடுத்து உங்களை மாட்டிவிட்டுட்டேன்.”

“நீங்க மாட்டிவிட்டீங்களா?” அவர் சிரித்தே விட்டார். “தம்பி, போனது கண்ணுதான், கை இல்ல. ஒரு பையில மீன் உள்ளங்கையில முட்டிட்டே இருந்துச்சு. இன்னொண்ணு சும்மா கிடந்துச்சு. தூக்குனதுமே உங்க வேலைன்னு தெரிஞ்சுபோச்சு.”

“அப்ப ஏன் அதை எடுத்தீங்க?”

“மீன் இருக்குற பையை எடுத்திருந்தா இன்னும் ஒரு வருஷம் ஓட்டியிருப்பேன்.” கொஞ்சம் நிறுத்தி, “எடுக்கத்தான் போனேன். கை அந்தப் பை மேலதான் இருந்துச்சு” என்றார்.

 நான் என்னவோ பெரிய தந்திரசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு வயதானவர் வழக்கம்போல அக்காவைத் தேடி வந்து ஒரு மருந்துச் சீட்டை நீட்டினார்.

“சிஸ்டர், இந்த ரெண்டாவது மருந்தை எத்தனை வேளை விடணும்னு எழுதியிருக்கு? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

அக்காவின் கை பழக்கத்தில் சீட்டை வாங்கிவிட்டது. வாங்கியதை மடியில் வைத்துக்கொண்டு, கூட்டம் முழுக்க இருந்த அந்த அறையில், அதட்டும்போது வருகிற அதே குரலில் சொன்னார்: “எனக்குக் கண்ணு தெரியாதுங்க. இந்தத் தம்பி படிச்சுச் சொல்லுவாரு.”

நான் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சீட்டை வாங்கினேன்.